பிளம்பர் ஆக ஐடிஐயா, மூன்று மாத டிப்ளமாவா?

கேள்வி: அண்ணா, எனக்கு 20 வயசு, கொருக்குப்பேட்டை. பத்தாவது பாஸ், பிளஸ் ஒன் பாதியிலேயே விட்டுட்டேன். ரெண்டு வருஷமா சித்தப்பாகூட பிளம்பிங் வேலைக்குப் போறேன், ஒரு நாளைக்கு 600 ரூபா தர்றார். இப்போ ஒரு பயிற்சி மையத்துல மூணு மாச டிப்ளமா, 28,000 ரூபா, முடிச்சா துபாய் வேலை கேரண்டின்னு சொல்றாங்க. அம்மா ஐடிஐ போடான்னு சொல்றாங்க. சித்தப்பா, 'சர்டிபிகேட்டைக் காட்டினா பைப் ஒழுகாம நின்னுடுமா, என்கூடவே இரு'ன்றார். நான் எதைப் பண்றது? பிளஸ் டூ முடிச்ச தங்கச்சியும் இந்த வேலைக்கு வரலாமான்னு கேக்குறா, அதுக்கும் பதில் சொல்லுங்க.

பதில்: தம்பி, முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன், காரணம் பின்னால் வருகிறது. அந்த 28,000 ரூபாயைக் கட்டாதே. அம்மா சொல்வதுதான் சரி, அரசு ஐடிஐயில் பிளம்பர் பிரிவில் சேர். ஒரே வருஷம். அந்த ஒரு வருஷமும் ஞாயிற்றுக்கிழமை, லீவு நாள் எல்லாம் சித்தப்பாவோடு வேலைக்குப் போ, அதை மட்டும் நிறுத்தாதே.

சித்தப்பா சொல்வதில் பாதி உண்மை. சான்றிதழ் பைப்பை ஒட்டாது. பைப்பை நேராக அறுப்பது, பிசிறு எடுப்பது, சொல்யூஷன் என்கிற ஒட்டும் பசையைத் தடவி எல்போவுக்குள் (வளைவு இணைப்பு) தள்ளி ஒரு கால் சுற்று திருப்பி அது பின்னால் வராமல் பிடித்துக்கொள்வது, டெஃப்ளான் டேப்பை எந்தப் பக்கம் சுற்றினால் முறுக்கும்போது உரியாமல் இருக்கும் என்பது, தண்ணீர் பிடிக்கிற பித்தளைக் குழாயை எவ்வளவு முறுக்கினால் போதும், இன்னும் கொஞ்சம் முறுக்கினால் அது மாட்டுகிற எஃப்டிஏ (உள்பக்கம் மரை உள்ள பிளாஸ்டிக் இணைப்பு) வெடித்துவிடும் என்பது, இதெல்லாம் கைக்கு வருவது வேலையிடத்தில்தான். இரண்டு வருஷத்தில் இதெல்லாம் உனக்கு ஓரளவு வந்திருக்கும். ஐடிஐயிலிருந்து நேராக வருகிற பல பையன்களுக்கு இது வருவதில்லை, அவர்கள் சைட்டுக்கு வந்த பிறகுதான் கற்றுக்கொள்கிறார்கள். அந்த விதத்தில் நீ அவர்களைவிட முன்னால் இருக்கிறாய்.

ஆனால் சித்தப்பாவோடு இருந்தால் ஒரு வேலையை எப்படிச் செய்வது என்று வருமே தவிர, அதை ஏன் அப்படிச் செய்கிறோம் என்பது தானாக வராது. நம் பக்கத்து வேலையில் அந்த 'ஏன்' தெரியாததால் எவ்வளவு காசும் சுவரும் வீணாகிறது என்று சைட் சைட்டாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

ஒன்று சொல்கிறேன். நீயே பார்த்திருப்பாய். இரண்டு மாடி வீடு, மேலே யாரோ ஃப்ளஷ் அடிக்கிறார்கள், கீழ் வீட்டு பாத்ரூம் ஃப்ளோர் டிராப்பில் (தரைத் தண்ணீர் இறங்குகிற வளைகுழாய்) குடகுடவென்று சத்தம் வருகிறது, கொஞ்ச நேரத்தில் சாக்கடை நாற்றம். வீட்டுக்காரர் பிளம்பரைக் கூப்பிடுகிறார். வந்தவர் ஆசிட் ஊற்றுகிறார். அடுத்த மாதம் இன்னொருவர் வந்து ஜாலியை மாற்றுகிறார். மூன்றாவது ஆள் டைல்ஸை உடைத்து டிராப்பையே மாற்றிவிட்டு ஐயாயிரம் வாங்கிப்போகிறார். நாற்றம் அப்படியே இருக்கிறது. என்ன நடக்கிறது என்றால், டிராப்புக்குள் எப்போதும் இரண்டு இன்ச் அளவாவது தண்ணீர் நின்றுகொண்டிருக்க வேண்டும், சாக்கடைக் காற்று வீட்டுக்குள் வராமல் தடுப்பது அந்தத் தண்ணீர்தான். மேலிருந்து ஒரே மூச்சில் தண்ணீர் இறங்கும்போது பைப்புக்குள் இருக்கும் காற்றையும் கீழே இழுத்துக்கொண்டு போகிறது. இழுபட்ட காற்றுக்குப் பதில் வேறு காற்று உள்ளே வர வழி இருந்தால் பிரச்சினை இல்லை. வழி இல்லையென்றால் கீழ் வீட்டு டிராப்பில் நிற்கிற தண்ணீரையே அது உறிஞ்சிவிடும். அந்த வீட்டில் குறை டிராப்பில் இல்லை. எல்லா மாடிக் கழிவும் இறங்குகிற ஸ்டாக் பைப்பை மொட்டை மாடிக்கு மேலே ஏற்றி வென்ட் (காற்று போகும் வழி) விடாமல் பாதியில் மூடிவிட்டிருப்பார்கள். மாடியில் ஒரு பைப்பை நீட்டி, அதன் வாயில் கவ்ல் என்கிற ஓட்டை மூடியை மாட்டினால் பல வீடுகளில் அதோடு சரியாகிவிடும். இது தெரிந்தவனுக்கு அரை நாள் வேலை, ஒரு டைல்ஸும் உடையாது.

இன்னொன்று தண்ணீர் அழுத்தம். பழைய வண்ணாரப்பேட்டையில், ராயபுரத்தில் இருக்கிற சின்ன வீடுகளில் மாடி ரூமுக்கு மேலேயே சின்டெக்ஸ் டேங்க் உட்கார்ந்திருக்கும். வீட்டுக்காரர் ஆசையாக ஒரு பெரிய மழை ஷவர் வாங்கி வருகிறார். மாட்டினால் சொட்டுச்சொட்டாக விழுகிறது. உடனே பைப் சின்னது, முக்கால் இன்ச்சை ஒரு இன்ச்சாக மாற்று என்று சுவரில் காடி வெட்ட ஆரம்பித்துவிடுவார்கள். பத்து மீட்டர் உயரத்தில் தண்ணீர் நின்றால்தான் கீழே ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் ஒரு கிலோ அழுத்தம். ஷவருக்கும் டேங்க்குக்கும் நடுவில் இரண்டு மீட்டர்தான் இருக்கிறதென்றால் கிடைப்பது கால் கிலோவுக்கும் குறைவு. நீ எவ்வளவு பெரிய பைப் போட்டாலும் அந்த உயரம் கூடப்போவதில்லை. பெரிய பைப் உராய்வைக் குறைக்கும், அவ்வளவுதான். ஒன்று டேங்க்கை உயர்த்த வேண்டும், இல்லையென்றால் பிரஷர் பம்ப் வைக்க வேண்டும், அதுவும் இல்லையென்றால் வேறு ஷவர் வாங்க வேண்டும். இதைச் சுவரை உடைக்கும் முன்னால் சொல்லத் தெரிந்தவனைத்தான் வீட்டுக்காரர் அடுத்த முறையும் கூப்பிடுவார், பக்கத்து வீட்டுக்கும் நம்பர் கொடுப்பார்.

இன்னும் இருக்கிறது. ரோடு போட்டுப்போட்டு உயர்ந்து வீடு பள்ளத்தில் போய்விட்ட தெருக்கள் நம் பக்கம் எத்தனை. மழைக்காலத்தில் தெரு மெயின் நிறைந்தால் கழிவுநீர் வீட்டு சேம்பர் (கழிவு பைப்புகள் சேருகிற சின்னத் தொட்டி) வழியாக உள்ளே வருகிறது. அந்த மாதிரி வீட்டில் லெவல் எடுக்காமல் கண்பார்வைக்கு பைப் போட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பார். நான்கு இன்ச் பைப்புக்கு 40க்கு 1 வாட்டம், அதாவது மீட்டருக்கு இரண்டரை சென்டிமீட்டர் இறக்கம் என்று வகுப்பில் சொல்லிக்கொடுப்பார்கள். கொடுக்க அந்த இறக்கம் இருக்கிறதா என்று தண்ணீர் நிரப்பிய டியூப் லெவலை வைத்து முதலில் பார்க்க வேண்டும், இல்லையென்றால் வீட்டுக்காரரிடம் அப்போதே சொல்ல வேண்டும்.

அப்புறம் மோட்டார். மெட்ரோ வாட்டர் (சென்னைக் குடிநீர் வாரியம்) லைனில் நேராக மோட்டார் வைத்து இழுத்துக்கொடு என்று எத்தனை பேர் கேட்கிறார்கள். அது சட்டப்படி தப்பு என்பது ஒரு பக்கம். பழைய லைனில் எங்கோ ஒரு விரிசல் இருந்து, அதன் பக்கத்திலேயே சாக்கடை ஓடிக்கொண்டிருந்தால், மோட்டார் உறிஞ்சுகிற உறிஞ்சலில் அந்தச் சாக்கடைத் தண்ணீர் குடிதண்ணீர் பைப்புக்குள் வந்துவிடும். குடிப்பது அந்தத் தெருவில் இருக்கிற எல்லாக் குழந்தைகளும். இந்தக் காரணம் தெரிந்த பிளம்பர் அந்த வேலையை எவ்வளவு கொடுத்தாலும் எடுக்க மாட்டான். லைனிலிருந்து சம்ப்புக்கு (நிலத்தடித் தொட்டி) தண்ணீரைத் தானாக விழ விட்டு, சம்ப்பிலிருந்து மோட்டார் போட்டு ஏற்றிக்கொள்ளலாம் என்று எடுத்துச் சொல்வான். இந்த 'ஏன்'களுக்காகத்தான் உன்னை ஒரு வருஷம் உட்கார்ந்து படி என்று சொல்கிறேன்.

சரி, ஐடிஐ எப்படி இருக்கும்? நம் பக்கத்துக்கு வட சென்னை அரசு ஐடிஐ இருக்கிறது, அம்பத்தூரில் ஒன்று இருக்கிறது. கொருக்குப்பேட்டையில் ரயில் ஏறி பேசின் பிரிட்ஜில் மாறினால் அம்பத்தூர் போய்விடலாம். எந்த ஐடிஐயில் இந்த வருஷம் பிளம்பர் பிரிவில் இடம் இருக்கிறது என்பதை ஆன்லைனில் விண்ணப்பிக்கும்போதே பட்டியலில் பார்க்கலாம். பத்தாவது ரிசல்ட் வருகிற சமயத்தில் விண்ணப்பம் ஆரம்பிக்கும், கவுன்சலிங் முடிந்து மிச்சம் இருக்கிற இடங்களுக்கு அப்புறம் நேரடிச் சேர்க்கையும் நடக்கும். ஆண்களுக்கு 40 வயது வரை சேரலாம், ஆகவே 20 வயதாகிவிட்டதே என்று கூச்சப்படாதே, உன்னைவிடப் பெரியவர்களும் வகுப்பில் இருப்பார்கள். பயிற்சிக்கு ஃபீஸ் வாங்க மாட்டார்கள், மாதம் 750 ரூபாய் உதவித்தொகை வரும். ஆறாவதிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவன் என்றால் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய்க்கும் கேட்டுப்பார், ஐடிஐ மாணவர்களும் அதில் வருவார்கள்.

முதல் சில வாரம் அரத்தைக் கொடுத்து இரும்பை ராவச் சொல்வார்கள். இரண்டு வருஷம் வேலை செய்தவனுக்கு அது எரிச்சலாக இருக்கும், இதற்கா வந்தோம் என்று தோன்றும். அந்த நேரத்தில்தான் நிறைய பேர் நின்றுவிடுகிறார்கள். நீ நின்றுவிடாதே. கணக்கு வகுப்பையும் டிராயிங் வகுப்பையும் விடவே விடாதே, அவை இரண்டும் உனக்குச் சித்தப்பாவிடம் கிடைக்காதவை. டிராயிங் பார்த்துப் பைப் லைனைப் படிக்கத் தெரிந்தவனுக்கும் தெரியாதவனுக்கும் சைட்டில் சம்பளமே வேறு. பெரிய அபார்ட்மென்ட் வேலையில் சூப்பர்வைசர் ஒரு ஷீட்டைக் கையில் கொடுத்துவிட்டுப் போய்விடுவார். அதைப் பார்த்து எங்கே டீ (மூன்று பக்கம் பிரிகிற இணைப்பு) வருகிறது, எந்த ஷாஃப்ட்டில் (பைப் இறங்குகிற சந்து) இறங்குகிறது, எத்தனை அடி பைப் வேண்டும் என்று சொல்லத் தெரிந்தால் நீ ஃபோர்மேன் ஆகலாம். தெரியாவிட்டால் கடைசி வரை பைப் தூக்க வேண்டியதுதான். நான் ஆள் எடுக்கும்போது முதலில் கையில் டிராயிங்கைத்தான் கொடுப்பேன், சான்றிதழை அதற்குப் பிறகுதான் பார்ப்பேன்.

கடைசியில் அகில இந்தியத் தொழிற்தேர்வு. அதில் பாஸ் செய்தால் என்டிசி என்கிற தேசியத் தொழிற்சான்றிதழ். இந்தியா முழுக்கச் செல்லும், ஆன்லைனில் நம்பர் போட்டு யாரும் சரிபார்க்கலாம். அரசு, பொதுத்துறை வேலை அறிவிப்புகளில் பிளம்பர் இடத்துக்குக் கேட்பது இதைத்தான். முடித்த பிறகு அப்ரண்டிஸாகப் போக முடிந்தால் போ. 1961ஆம் வருஷத்து அப்ரண்டிஸ் சட்டப்படி அது ஸ்டைபண்டோடு கிடைக்கிற பயிற்சி, முடிவில் அதற்குத் தனிச் சான்றிதழ் உண்டு. ஒரு விஷயம் தெரிந்துகொள்: பிளம்பர் ஒரு வருஷப் பிரிவு. பின்னால் பாலிடெக்னிக்கில் நேராக இரண்டாம் வருஷம் சேரும் எண்ணம் இருந்தால் இரண்டு வருஷப் பிரிவு படித்திருக்க வேண்டும். மணலி கம்பெனிகளில் பைப் லைன் வேலைக்குப் போக ஆசை என்றாலும் ஃபிட்டர் அல்லது வெல்டர்தான் உனக்குச் சரி, அது வீட்டு பிளம்பிங்கிலிருந்து முழுக்க வேறு வேலை. உன் கடிதத்தைப் படித்தால் உனக்கு வீட்டு வேலைதான் பிடித்திருக்கிறது என்று தோன்றுகிறது, அதனால் பிளம்பர் என்கிறேன்.

இப்போது அந்த மூன்று மாத டிப்ளமா. பாலிடெக்னிக்கில் டிப்ளமா என்றால் மூன்று வருஷம். மூன்று மாதத்துக்கு ஒருவர் அந்தப் பெயரை வைக்கிறார் என்றாலே நீ கேள்வி கேட்க ஆரம்பிக்க வேண்டும். போய் நேராகக் கேள்: இந்தச் சான்றிதழைக் கொடுப்பது யார்? என்சிவிஇடி, அதாவது மத்திய அரசின் தொழிற்கல்வி, பயிற்சிக் குழுவின் அங்கீகாரம் இருக்கிறதா? எந்த லெவல் என்று அதில் போட்டிருக்குமா? எந்த இணையதளத்தில் சரிபார்க்கலாம்? உங்கள் லெட்டர்பேடில் நீங்களே அச்சடித்துக் கொடுப்பதா? பதில் மழுப்பலாக இருந்தால் எழுந்து வந்துவிடு. எல்லாக் குறுகிய காலப் பயிற்சியும் மோசம் என்று சொல்ல மாட்டேன், அரசு திறன் மேம்பாட்டுத் திட்டங்களில் சில மாதப் பயிற்சி இலவசமாகவே நடக்கிறது, தமிழ்நாடு திறன் மேம்பாட்டுக் கழகத்தில் விசாரிக்கலாம். இலவசமாகக் கிடைப்பதற்கு 28,000 ரூபாய் ஏன் என்பதுதான் என் கேள்வி.

துபாய் கேரண்டி என்கிறார்களே, அதில் எனக்குக் கோபமே வருகிறது. வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்க 1983ஆம் வருஷத்துக் குடிபெயர்வுச் சட்டப்படி மத்திய அரசிடம் பதிவு செய்த ஏஜென்ட்டுக்குத்தான் உரிமை. பயிற்சி மையம் நடத்துகிறவர் அந்தப் பதிவு இல்லாமல் வேலை வாங்கித் தருகிறேன் என்றால் அவரை நம்பி வட்டிக்கு வாங்கிப் பணம் கட்டாதே. ஏஜென்ட்டின் பதிவு எண்ணை மத்திய அரசின் இமைகிரேட் (eMigrate) தளத்தில் பார்க்கலாம். பதிவு செய்த ஏஜென்ட்டும் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் அதற்கு ஜிஎஸ்டியும்தான் வாங்கலாம், அதற்கு மேல் கேட்டால் அது சட்டத்துக்கு வெளியே. தமிழக அரசே அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் நடத்துகிறது, அங்கே பதிவு செய்துவைப்பது நல்லது. நீ பத்தாவது பாஸ் என்பதால் உன் பாஸ்போர்ட்டில் குடிபெயர்வுச் சோதனை தேவையில்லை என்கிற வகை கிடைக்கும், அது ஒரு நல்ல விஷயம். சவூதிக்குப் போகிற பிளம்பர்களுக்கு இப்போது இந்தியாவிலேயே திறன் தேர்வு வைக்கிறார்கள். எந்த கல்ஃப் வேலையாக இருந்தாலும் டிரேட் டெஸ்ட்டில் பைப்பையும் டிராயிங்கையும் கொடுத்து இதைச் செய்து காட்டு என்பார்கள். அங்கேயும் உன்னைக் காப்பாற்றப்போவது அந்த டிராயிங் வகுப்புதான்.

அனுபவம் உள்ளவர்களுக்கு நேராகத் தேர்வு வைத்துச் சான்றிதழ் தருகிற ஆர்பிஎல் என்று ஒன்று இருக்கிறது, அதற்குப் போகலாமா என்று அடுத்து நீ கேட்பாய். முன்பே கற்ற திறனுக்கு அங்கீகாரம் என்பது அதன் பொருள். சில நாள் வகுப்பு, அப்புறம் மதிப்பீடு, பாஸ் செய்தால் சான்றிதழ். பிளம்பிங் துறைக்கு இதையெல்லாம் வகுப்பது வாட்டர் மேனேஜ்மென்ட் அண்ட் பிளம்பிங் ஸ்கில் கவுன்சில், முன்பு இந்தியன் பிளம்பிங் ஸ்கில்ஸ் கவுன்சில் என்று இருந்தது. இது நல்ல திட்டம், ஆனால் உனக்கு இல்லை. இது உன் சித்தப்பாவுக்கு. இத்தனை வருஷமாக வேலை தெரிந்த மனுஷன், கையில் ஒரு தாள்கூட இல்லாததால் பெரிய கான்ட்ராக்டரிடம் போய் நிற்க முடியாமல் இருப்பார். அவருக்கு மறுபடி படிக்க வேண்டியதில்லை, தெரிந்ததைக் காட்டினால் போதும். உனக்கோ இன்னும் கற்க வேண்டியது இருக்கிறது, ஆர்பிஎல்லில் கற்றுக்கொடுக்க மாட்டார்கள், இருப்பதை அளந்துதான் பார்ப்பார்கள். சித்தப்பாவிடம் இதைச் சொல்லிப் பார், அவரையும் மரியாதையாக இதில் சேர்த்துக்கொண்டால் உன் ஐடிஐக்கு அவர் மறுப்பு சொல்வது குறையும் என்று நினைக்கிறேன். நீங்கள் இருவரும் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு செய்யாமல் இருந்தால் அதையும் செய்துவிடுங்கள், 18லிருந்து 60 வயது வரை பதியலாம். விபத்து, பிள்ளைகள் படிப்பு, அறுபதுக்கு மேல் பென்ஷன் என்று உதவிகள் இருக்கின்றன. மாதச் சம்பளம், பிஎஃப் இல்லாத நம் தொழிலில் ஆளுக்குப் பின்னால் நிற்க இதை விட்டால் வேறு பெரிதாக இல்லை.

பணம் பற்றி நீ எழுதவில்லை, ஆனால் அதுதான் பெரிய கேள்வி என்று எனக்குத் தெரியும். மாதம் 25 நாள் வேலை என்றால் உன் கையில் 15,000 வருகிறது. அதை ஒரு வருஷம் விடுவது வீட்டில் இடிக்கும். உதவித்தொகையும் ஞாயிற்றுக்கிழமைக் கூலியும் சேர்ந்தால்கூட நாலாயிரத்தைத் தாண்டுவது கஷ்டம். சாயங்காலத்தில் சின்னச்சின்ன வேலை எடுக்கலாம், டேப் வாஷர் மாற்றுவது, ஃப்ளஷ் டேங்க் ஒழுகல், மோட்டாரில் ஏர்லாக் (காற்று அடைப்பு) எடுப்பது, இவையெல்லாம் ஒரு மணி நேர வேலை, வீட்டுக்காரர்களும் ஆபீஸ் விட்டு வந்த பிறகுதான் இருப்பார்கள். அப்படியும் அந்த வருஷம் இறுக்கமாகத்தான் போகும். அம்மாவோடு உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார். அந்த 28,000 ரூபாயைப் புரட்ட முடியும் என்றால், அதே பணத்தை மாதம் இரண்டாயிரத்துச் சொச்சமாக வீட்டுச் செலவுக்குப் போட்டால் ஒரு வருஷம் ஓடிவிடும் என்பதையும் கணக்கில் சேர். இந்த வருஷம் முடியவே முடியாது என்றால் அடுத்த வருஷம் சேர், ஆனால் அதுவரை கொஞ்சம் சேர்த்துவை.

கருவி வாங்கும்போது பாரிமுனை செம்புதாஸ் தெருவுக்குப் போய் ஒரு நல்ல பைப் ரெஞ்ச், ஒரு ஸ்பிரிட் லெவல், கூடவே ஒரு பிரஷர் கேஜ் (அழுத்தம் காட்டும் கருவி) வாங்கிக்கொள். கேஜ் கையில் வைத்திருக்கிற பிளம்பர்கள் நம் பக்கம் குறைவு. டேப்பில் மாட்டி இவ்வளவுதான் அழுத்தம் என்று முள்ளைக் காட்டினால் வீட்டுக்காரர் உன்னிடம் வாதம் செய்ய மாட்டார். சுவரைப் பூசும் முன்னால் லைனை அடைத்து, ஓடப்போகிற அழுத்தத்தைப்போல ஒன்றரை மடங்கு ஏற்றி, முள் இறங்காமல் நிற்கிறதா என்று பார்த்து, அதைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொள். பின்னால் டைல்ஸ்காரர் டிரில் போட்டு ஓட்டையாக்கிவிட்டு உன் மேல் பழி போட்டால் அந்தப் படம் பேசும். எந்த சொல்யூஷன் எந்தப் பைப்புக்கு என்பதையும் டப்பாவைப் படித்துத் தெரிந்துகொள், வெந்நீருக்கான சிபிவிசி பைப்புக்கு, சாதாரணத் தண்ணீருக்கான யுபிவிசி சொல்யூஷனைப் போட்டுவிட்டு ஹீட்டர் லைன் கழன்றுகொள்கிற வீடுகள் நிறைய. பைப்பின் மேலே ஐஎஸ் (இந்தியத் தர) நம்பர் அச்சிட்டிருக்கும், குடிதண்ணீர் யுபிவிசிக்கு 4985, சிபிவிசிக்கு 15778, கழிவுநீர் எஸ்டபிள்யூஆர் பைப்புக்கு 13592. விலை குறைவாக இருக்கிறதே என்று நம்பரே இல்லாத பைப்பைக் கடைக்காரர் தள்ளிவிடப் பார்த்தால் வாங்காதே. டேங்க் அளவு கேட்டால் ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்று வைத்துக் கணக்குச் சொல், ஆறு பேர் வீட்டுக்கு 810 லிட்டர், ஆயிரம் லிட்டர் டேங்க் வைக்கலாம். இதெல்லாம் தேசியக் கட்டட விதித் தொகுப்பில், 2016 பதிப்பில், ஒன்பதாம் பகுதியில் பிளம்பிங்குக்கென்றே இருக்கிறது. ஐடிஐ ஆசிரியரிடம் கேட்டு அதைப் புரட்டிப் பார்.

தங்கச்சிக்கு: தாராளமாக வரலாம். ஐடிஐயில் பெண்களுக்கு வயது வரம்பே கிடையாது. அரசுப் பள்ளியில் படித்திருந்தால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும். பைப் தூக்குவது கஷ்டம் என்று பயமுறுத்துவார்கள், இப்போது வீட்டுக்குள் ஓடுவது பெரும்பாலும் பிளாஸ்டிக் பைப், ஜிஐ இரும்புப் பைப் காலத்துக் கனம் இல்லை. பகலில் பெண்கள் மட்டும் இருக்கிற வீடுகளில் ஒரு பெண் பிளம்பர் வந்தால் அவர்கள் நிம்மதியாகக் கதவைத் திறப்பார்கள். வரைவதில் ஆசை இருந்தால் டிராஃப்ட்ஸ்மேன் சிவில் பிரிவையும் அவள் பார்க்கட்டும், அது இரண்டு வருஷம்.

நீ கேட்காத ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். இந்தத் தொழிலில் என்றைக்காவது ஒரு நாள் யாராவது உன்னிடம், தம்பி, செப்டிக் டேங்க் அடைத்திருக்கிறது, கொஞ்சம் இறங்கி எடுத்துவிடு, ஆயிரம் இரண்டாயிரம் சேர்த்துத் தருகிறேன் என்பார்கள். மேன்ஹோலாக இருந்தாலும் இதேதான். இறங்காதே. எவ்வளவு கொடுத்தாலும், யார் சொன்னாலும், சித்தப்பாவே சொன்னாலும் இறங்காதே. உள்ளே இருக்கிற ஹைட்ரஜன் சல்ஃபைடு முதலில் அழுகிய முட்டை மாதிரி நாறும், அளவு கூடினால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது, நாற்றம் போய்விட்டது என்று நினைத்து இறங்குகிறவன் மேலே வருவதில்லை. அவனைக் காப்பாற்ற இறங்குகிற இரண்டாவது ஆளும் அப்படியே போகிறான். செய்தியில் நீ படித்திருப்பாய், பெரும்பாலும் இரண்டு பேர், மூன்று பேர் என்றுதான் வரும். மனிதர் கையால் கழிவு அள்ளுவதைத் தடை செய்யும் 2013ஆம் வருஷத்துச் சட்டப்படி பாதுகாப்புக் கருவி இல்லாமல் ஆளை உள்ளே இறக்குவதே குற்றம், இறக்கியவருக்கு முதல் முறையே இரண்டு வருஷம் வரை சிறை உண்டு. இறந்தவர் குடும்பத்துக்கு 30 லட்சம் கொடுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023இல் சொல்லியிருக்கிறது, ஆனால் அந்தப் பணத்தை உன் அம்மா வாங்குகிற நிலைமை வரவே கூடாது. பிளம்பரின் வேலை சேம்பர் வரைதான். அடைப்புக்கு மேலிருந்தே ராடு விடலாம், ஜெட் அடிக்கலாம், லாரி கூப்பிடலாம். தெரு மேன்ஹோல் என்றால் மெட்ரோ வாட்டர் ஏரியா ஆபீஸுக்குப் புகார் கொடுக்கச் சொல். குடிதண்ணீர் சம்ப் நல்ல தண்ணீர்தானே என்று நினைத்து அதிலும் திடீரென்று இறங்காதே. ரொம்ப நாள் மூடிக் கிடந்த சம்ப்பிலும், உள்ளே பெயின்ட் அடித்த சம்ப்பிலும் மூச்சு முட்டும். மூடியைத் திறந்து காற்றோட விட்டு, மோட்டார் மெயினை அணைத்து, மேலே ஒரு ஆளை நிறுத்திவிட்டுத்தான் இறங்க வேண்டும்.

விண்ணப்பத்துக்குப் பத்தாவது மார்க் ஷீட், டிசி, ஆதார், சாதிச் சான்றிதழ், போட்டோ, பேங்க் பாஸ்புக் எல்லாம் இப்போதே எடுத்து ஒரு ஃபைலில் போட்டு வை. பிளஸ் ஒன்னில் பாதியில் நின்றதால் டிசி அந்தப் பள்ளியிலேயே இருக்கும், இந்த வாரமே போய்க் கேள், கடைசி நேரத்தில் போனால் அலையவிடுவார்கள். விண்ணப்பத்தில் உன் சொந்த போன் நம்பரைக் கொடு, கவுன்சலிங் தேதி மெசேஜாக வரும். ஆன்லைனில் போடத் தெரியவில்லை என்றால் ஐடிஐக்கே நேரில் போ, அங்கே உதவி மையத்தில் போட்டுக்கொடுப்பார்கள். விருப்பம் கேட்கிற இடத்தில் முதலில் பிளம்பரைப் போடு.